கனமான சைக்கிள் எப்படி முந்துகிறது? டிரை பைக், ரோடு பைக் ஒரு கணக்கு

கேள்வி இதுதான். கையில் 8 கிலோ எடையுள்ள நல்ல ரோடு பைக் ஒன்று இருக்கிறது. அடுத்து நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லானில், 90 கிலோமீட்டர் சைக்கிள் பகுதி கொண்ட அரை தூரப் போட்டியில் இறங்க ஆசை. அதற்கென்றே செய்த டிரையத்லான் பைக்குகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்பதரை கிலோ, பத்து கிலோ. "கூடக் காசு கொடுத்துக் கூடுதல் எடையை வாங்கி, அதையும் மிதித்துக்கொண்டு எப்படி வேகமாகப் போவது? ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதே?"

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் சந்தேகம் இயல்பானது. சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் யாராக இருந்தாலும் முதலில் செய்வது மேல்குழாயில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பதுதான். தூக்கினால் எடை தெரியும், காற்று தெரியாது. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நம்மோடு மல்லுக்கு நிற்கப்போவது காற்று. அதைக் கடைக்குள் யாரும் காட்ட முடியாது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆள் 72 கிலோ, சைக்கிள் 8 கிலோ, மொத்தம் 80. சமதளம், காற்று வீசவில்லை, வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 10 மீட்டர். ரோடு பைக்கில் பிரேக் பிடியின் மேல் கை வைத்து ஓட்டும் ஒரு நடுத்தர உடம்புக்கு இழுவைப் பரப்பு 0.32 சதுர மீட்டர் அளவில் இருக்கும். காற்றுக்கு முன்னால் நாம் எவ்வளவு பெரிதாக நிற்கிறோம், நம் வடிவம் எவ்வளவு முரடு என்ற இரண்டையும் பெருக்கினால் வரும் எண் அது. சைக்கிள்காரர்கள் அதைச் 'சிடிஏ' என்பார்கள். இந்த எண்ணோடு அந்த வேகத்தில் போக, காற்றைத் தள்ள மட்டும் 192 வாட் வேண்டும். டயர் உருளும்போது தரையில் வீணாவது சுமார் 39 வாட். மொத்தம் 231 வாட். காலால் மிதிப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்றுக்கே போகிறது.

அதே ஆள் இப்போது டிரை பைக்கில் ஏறி, முன்னங்கைகளை மெத்தைப் பட்டைகளில் ஊன்றி, முதுகைத் தாழ்த்தி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒழுங்காகப் பொருத்திய சைக்கிளில் இழுவைப் பரப்பு 0.25 வரை இறங்குவது சாதாரணம். தேர்ந்தவர்கள் இன்னும் கீழே போவார்கள். காற்றுக்கான செலவு 192 வாட்டிலிருந்து 150 ஆகிறது. 42 வாட் மிச்சம். அந்த மிச்சத்தைச் சேர்த்து வைக்காமல் அதே 231 வாட்டை மிதித்தால் வேகம் மணிக்கு 38.9 கிலோமீட்டர் ஆகும். 90 கிலோமீட்டர் தூரம் 2 மணி 30 நிமிடத்திலிருந்து 2 மணி 19 நிமிடத்துக்கு வந்துவிடும். முழு தூர டிரையத்லானான அயர்ன்மேனின் 180 கிலோமீட்டர் என்றால் மிச்சம் 22 நிமிடம்.

அந்த ஒன்றரை கிலோ கூடுதல் எடை இதே சமதளத்தில் எவ்வளவு கேட்கும் தெரியுமா? முக்கால் வாட். ஒரு பக்கம் 42 வாட் வரவு, இன்னொரு பக்கம் முக்கால் வாட் செலவு. கனமான சைக்கிள் முந்துவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு ஒன்று உண்டு. "அதெல்லாம் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு. நான் 28க்கு மேல் போகவே மாட்டேன், எனக்கெதற்குக் காற்றுக் கணக்கு?" இதே ஆளை 28 கிலோமீட்டர் வேகத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். ரோடு பைக்கில் அதற்கு 121 வாட் வேண்டும். அதே வாட்டில் குனிந்து ஓட்டினால் வேகம் 30.1 கிலோமீட்டர். 90 கிலோமீட்டரில் மிச்சம் 13 நிமிடத்துக்கு மேல். வேகமாகப் போகிறவருக்குக் கிடைத்ததைவிட அதிகம்! காரணம் எளியது. மெதுவாகப் போகிறவர் சாலையில் அதிக நேரம் இருக்கிறார், அதனால் சேமிப்புக்கும் நேரம் அதிகம். வாட் கணக்கில் சேமிப்பு சிறிதுதான், நிமிடக் கணக்கில் பெரிது.

எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களிடம் நான் எப்போதும் டயரைத்தான் முதலில் காட்டுவேன். உருளும் எதிர்ப்பு எண் 0.005 உள்ள சாதாரண டயரைக் கழற்றிவிட்டு 0.004 உள்ள நல்ல பந்தய டயரைப் போட்டால், மேலே சொன்ன 36 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட 8 வாட் மிச்சம். ஒன்றரை கிலோவைக் குறைத்துக் கிடைப்பதைப்போலப் பத்து மடங்கு. எடையைக் குறைக்க கார்பன் பாட்டில் கூண்டு, டைட்டானியம் திருகு என்று காசைக் கரைத்துவிட்டு, மலிவான தடித்த டயரோடு பந்தயத்துக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, டிரை பைக் ஏன் கனமாக இருக்கிறது? குழாய்கள் உருண்டையாக இல்லாமல் காற்றின் திசையில் நீண்டு தட்டையாக இருப்பதால் அதிகக் கார்பன் தேவைப்படுகிறது. ஹேண்டில்பார் ஒன்றுக்கு இரண்டு: அகலமான அடிப்பார் ஒன்று, அதன் மேல் முன்னோக்கி நீளும் ஏரோபார், கை வைக்கும் பட்டைகள், அவற்றைத் தாங்கும் கட்டைகள். சக்கர விளிம்பு 60, 80 மில்லிமீட்டர் ஆழம். பின்னால் முழு வட்டத் தட்டுச் சக்கரம் என்றால் இன்னும் கனம். போதாதற்கு ஃபிரேமுக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி, வழியில் சாப்பிடும் சத்து ஜெல்லுக்குப் பெட்டி, பஞ்சர் சாமான் பெட்டி. ஐந்து மணி நேரம் யாருடைய உதவியும் இல்லாமல் போகவேண்டியவருக்கான வண்டி அது. தொட்டியில் ஊற்றும் ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. கடையில் தூக்கிப் பார்த்து 300 கிராமுக்கு வருத்தப்பட்டுவிட்டு, போட்டிக் காலையில் இரண்டு லிட்டர் நிரப்புகிறோம்.

விதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ 2000ஆம் ஆண்டில் பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி போட்டது. அதோடு முன்பக்கம் ஒரு முக்கோணம், பின்பக்கம் ஒரு முக்கோணம் என்ற பழைய ஃபிரேம் வடிவத்தையும் கட்டாயமாக்கியது. ரோடு பைக்கும், தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் நேர ஓட்டத்துக்கான டைம் டிரையல் பைக்கும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. தனித்து ஓட்டும் டிரையத்லானை இந்த ஃபிரேம் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. அதனால்தான் சீட் குழாய் இல்லாத, கீழ்க்குழாய் இல்லாத விநோத உருவங்களை டிரையத்லானில் மட்டும் பார்க்க முடிகிறது. 2016இல் வந்த செர்வெலோ பி5எக்ஸ் அப்படிப்பட்டது. எடையைப் பற்றித் துளியும் அலட்டிக்கொள்ளாமல், சாமான் பெட்டிகளோடு வந்த சைக்கிள்.

ஆனால் ஃபிரேமின் வடிவத்தில் அதிகம் மயங்கவேண்டாம். காற்று எதிர்ப்பில் முக்கால் பங்கு நம் உடம்பால் வருவது. சைக்கிளின் பங்கு மீதிதான். இன்றைய ஏரோ ரோடு பைக்கின் ஃபிரேமும் காற்றை நன்றாகவே வெட்டுகிறது. டிரை பைக்கின் உண்மையான சொத்து அதன் கோணங்கள். ரோடு பைக்கில் சீட் குழாய் தரையோடு 72 முதல் 74 டிகிரி சாய்ந்திருக்கும். டிரை பைக்கில் 76 முதல் 80 டிகிரி வரை நிமிர்ந்திருக்கும். நான்கைந்து டிகிரியில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ரோடு பைக்கில் உட்கார்ந்து, முதுகு தரைக்கு இணையாக வரும்வரை குனிந்து மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தொடை வயிற்றில் முட்டும், இடுப்பு மடங்கி மூச்சு திணறும். சீட்டை முன்னால் தள்ளினால் பெடல் அச்சைச் சுற்றி முழு உடம்பையும் முன்பக்கமாகச் சுழற்றியதுபோல் ஆகிறது. முதுகு தாழ்கிறது, ஆனால் இடுப்புக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் பழையபடியே திறந்திருக்கிறது. காற்றுக்குக் குனியலாம், காலுக்கு நிமிர்ந்ததுபோல் இருக்கும்.

இது டிரையத்லான்காரர்கள் கண்டெடுத்த வழி. 1980களின் பிற்பகுதியில் டான் எம்ஃபீல்ட் குயின்டானா ரூ என்ற பெயரில் சீட் குழாய் நிமிர்ந்த சைக்கிள்களைச் செய்தபோது, மரபான சைக்கிள் உலகம் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில் பூன் லெனன் வடிவமைத்த ஏரோபார் வந்தது. பனிச்சறுக்கு வீரர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். மலையிலிருந்து இறங்கும்போது கைகளை முன்னால் குவித்துக் குனியும் தோற்றத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். டிரையத்லான் போட்டியாளர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ரோடு பந்தயக்காரர்கள் தயங்கினார்கள். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டம். லோரான் ஃபினியோன் 50 நொடி முன்னிலையில் இருந்தார், ஏரோபார் இல்லை, தலைக்கவசமும் இல்லை. கிரெக் லெமாண்ட் ஏரோபாரோடு கிளம்பினார். அந்த ஒரு ஓட்டத்தில் 58 நொடியை மீட்டு, மூன்று வாரப் பந்தயத்தை 8 நொடியில் வென்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இனி வில்லங்கம். மேலே போட்ட 11 நிமிடக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: அந்தக் குனிந்த நிலையில் முழு நேரமும், அதே வாட்டோடு இருக்கவேண்டும். இங்கேதான் பாதிப் பேர் காசைத் தொலைக்கிறார்கள்.

பழக்கமில்லாத உடம்பு குனிந்த நிலையில் குறைவாகத்தான் மிதிக்கும். 231 வாட் மிதிப்பவருக்கு 10 சதவீதம் குறைந்து 208 ஆகிவிட்டால் வேகம் 37.3 கிலோமீட்டர். 11 நிமிட லாபம் 5 நிமிடமாகச் சுருங்கிவிடும். அதோடு கழுத்து வலித்து அரை மணிக்கொருமுறை எழுந்து அடிப்பாரைப் பிடித்து நிமிர்ந்து ஓட்டினால் மீதியும் போச்சு. நிமிர்ந்து உட்கார்ந்த டிரை பைக் என்பது ரோடு பைக்கைவிட மோசமான ரோடு பைக். எடை அதிகம், கைப்பிடி வசதி குறைவு, காற்று லாபம் இல்லை. முதலுக்கே மோசம். போட்டிகளில் கடைசி 30 கிலோமீட்டரில் போய் நின்று பாருங்கள். விலையுயர்ந்த சைக்கிளில் பாய்மரம்போல் நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறவர்கள் வரிசையாக வருவார்கள்.

முதல் டிரை பைக்கில் எனக்கும் இதே கதைதான். கடையில் பொருத்திக் கொடுத்தவர், தொழில்முறை வீரரின் படத்தைப் பார்த்ததுபோல முன்பக்கத்தைத் தரையோடு இறக்கிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. கை வைக்கும் பட்டைகளுக்குக் கீழே 3 சென்டிமீட்டர் கட்டை வைத்து உயர்த்தியபோது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு மணி நேரம் அசையாமல் ஓட்ட முடிந்தது. தாங்க முடியாத தாழ்ந்த நிலையைவிட, தாங்கக்கூடிய சற்று உயர்ந்த நிலை எப்போதும் வேகமானது. இன்றைக்குத் தொழில்முறை வீரர்களே பட்டைகளை உயர்த்தி, கைகளை முகத்துக்கு அருகே தூக்கி, தோளைக் குறுக்கி, தலையைக் கைகளுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். குனிவதைவிடக் குறுகுவது பலருக்கு அதிகப் பலன் தருகிறது.

இப்போது மேட்டுக்கு வருவோம், எடை பேசுகிற இடம் அது. 6 சதவீத ஏற்றம், 10 கிலோமீட்டர் நீளம், 250 வாட் மிதிக்கிறோம். 80 கிலோவுக்கு வேகம் மணிக்கு 16.4 கிலோமீட்டர்; ஏறி முடிக்க சுமார் 36 நிமிடம் 40 நொடி. ஒன்றரை கிலோ கூடினால் சுமார் 33 நொடி தாமதம். நொடிகள்தான், நிமிடங்கள் இல்லை. அந்த ஏற்றத்திலும் ஏரோபாரில் குனிந்தே மிதிக்க முடிந்தால் காற்றில் கிட்டத்தட்ட 4 வாட் மிச்சமாகும், எடைக்குச் செலவு 4 வாட்டுக்குச் சற்று மேல். ஏறக்குறைய சரிக்குச் சரி. எனவே இந்த உடம்புக்கும் இந்த வாட்டுக்கும் 6 சதவீதத்துக்கு அருகில்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே டிரை பைக், மேலே ரோடு பைக். வலிமையானவர்களுக்குக் கோடு இன்னும் மேலே போகும், ஏனென்றால் அவர்கள் அதே மேட்டிலும் வேகமாக ஏறுகிறார்கள், வேகம் கூடினால் காற்றின் பேச்சு கூடும். நடைமுறையில் நம்மில் பலர் 4 சதவீதம் தாண்டினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அப்போது கோடும் கீழே இறங்கிவிடும்.

பிரான்ஸின் ஆல்ப் துயேஸ் மலை ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13.8 கிலோமீட்டர், சராசரி 8 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இதே 250 வாட் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், ஒன்றரை கிலோ ஒரு நிமிடத்தைத் தின்னும். அது போதாதென்று இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கவேண்டும். அப்படிப்பட்ட பாதைக்கு ரோடு பைக்கைத்தான் எடுத்துப் போவேன், யோசிக்கவே மாட்டேன்.

மேல்மட்டத்திலேயே இந்த எல்லைக்கோடு சண்டை தீர்ந்தபாடில்லை. 2023 டூர் டி பிரான்ஸில் கொம்ப்ளூ வரையிலான 22.4 கிலோமீட்டர் நேர ஓட்டத்தின் நடுவே டோமான்சி ஏற்றம் வந்தது, 9 சதவீதத்துக்கு மேல் சரிவு. பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில் டாடேய் போகாச்சார் அடிவாரத்தில் இறங்கி ரோடு பைக்குக்கு மாறினார். யோனாஸ் விங்கெகோர் மாறாமல் நேர ஓட்ட சைக்கிளிலேயே ஏறி 1 நிமிடம் 38 நொடி வித்தியாசத்தில் வென்றார். போகாச்சார் சைக்கிள் மாறுவதற்கு முன்பே விங்கெகோர் முன்னிலையில் இருந்தார் என்பதால், வித்தியாசம் முழுவதையும் சைக்கிள் தலையில் கட்ட முடியாது. 2025இல் பெராகூத் வரை 10.9 கிலோமீட்டர், பெரும்பகுதி செங்குத்து ஏற்றம். இந்த முறை போகாச்சார் ஏரோபாரே இல்லாத ரோடு பைக்கில் கிளம்பினார், விங்கெகோர் மறுபடியும் நேர ஓட்ட சைக்கிளில். வென்றது போகாச்சார், 36 நொடியில். இரண்டு முறையும் யாருடைய கால் அன்றைக்கு நன்றாக இருந்ததோ அவர் வென்றார் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் இருவர் எடுத்த முடிவும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லைக்கோட்டுக்கு அருகே வித்தியாசம் அவ்வளவு சிறியது.

பாதையில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏறியதெல்லாம் இறங்கவும் வேண்டும். 2023இல் ஆண்களுக்கான அயர்ன்மேன் உலகப் போட்டி பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்தபோது 180 கிலோமீட்டரில் சுமார் 2,400 மீட்டர் ஏற்றம். ரோடு பைக்கா, டிரை பைக்கா என்று மாதக்கணக்கில் விவாதம் ஓடியது. நீண்ட ஏற்றத்தில் எடை கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், நீண்ட சாய்வான இறக்கத்திலும் சமதளத்திலும் காற்று திருப்பிக் கொடுத்துவிடும். இறக்கம் நேராக இருந்தால் டிரை பைக்குக்கு லாபம், பாம்புபோல் வளைந்தால் ரோடு பைக்குக்கு. காரணம் எடை இல்லை, பிரேக். டிரை பைக்கில் கியர் மாற்றி ஏரோபாரின் நுனியில் இருக்கும், பிரேக் அடிப்பாரில் இருக்கும். குனிந்து ஓட்டும்போது கை பிரேக்கில் இல்லை. ஒரு நாய் குறுக்கே வந்தால் முதலில் கையைத் தூக்கி, அடிப்பாரைத் தேடிப் பிடித்து, அப்புறம்தான் பிரேக். அந்த அரை நொடியில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஐந்தரை மீட்டர் போயிருப்போம். இதனால்தான் கூட்டமாக ஓட்டும்போது ஏரோபாரில் குனிவதைப் பலரும் அனுமதிப்பதில்லை, அது சரியும்கூட.

பக்கக்காற்று தனிக் கதை. ஆழமான முன்சக்கரம் காற்றில் ஒரு கதவுபோல. திடீரென்று ஒரு வீச்சு வந்தால் ஹேண்டில்பாரைத் திருப்பப் பார்க்கும். உடம்பின் எடை முன்பக்கம் சாய்ந்து, கைகள் குறுகியிருக்கும்போது அதைத் திருத்துவது கடினம். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் தட்டுச் சக்கரத்துக்குத் தடை இருப்பது அங்கே வீசும் காற்றினால்தான். எடை குறைந்த உடம்புக்காரர்கள் முன்பக்கம் 40, 50 மில்லிமீட்டர் ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பயந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் சக்கரம் தந்த லாபம் எல்லாம் நெஞ்சில் மோதிப் போய்விடும்.

எந்த வகைப் போட்டி என்பதும் கணக்கை மாற்றும். ஒலிம்பிக் டிரையத்லானில் மற்றவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாம்; 2000இல் சிட்னியில் தொடங்கியபோதிலிருந்தே அப்படித்தான். ஒருவர் பின்னால் நெருக்கமாகப் போனால் காற்றுச் செலவு மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். கூட்டத்தின் நடுவே இன்னும் குறையும். அங்கே கூட்டத்தில் இருப்பதும், வளைவை விட்டு எழும்போது உதைத்துக் கிளம்புவதும்தான் முக்கியம். விதிப்படியே வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக்தான் வேண்டும். அயர்ன்மேன் மாதிரிப் போட்டிகளில் முன்னவருக்குப் பின்னால் ஒட்டக்கூடாது. அமெச்சூர்களுக்கு 12 மீட்டர் இடைவெளி, மீறினால் தண்டனைக் கூடாரத்தில் நிற்கவேண்டும். காற்றோடு ஒற்றைக்கு ஒற்றை, அங்கேதான் டிரை பைக்குக்கு வேலை. நார்வேயின் கிறிஸ்டியன் ப்ளுமன்ஃபெல்ட் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தங்கத்தை ரோடு பைக்கில் வென்றார், அடுத்த ஆண்டு மே மாதம் அயர்ன்மேன் உலகப் பட்டத்தை டிரை பைக்கில் வென்றார். அதே கால்கள், வேறு வேறு விதி.

சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடவேண்டும் என்பதை மறந்துவிட்டு வாட் கணக்கிலேயே மூழ்கிவிடுவது எங்கள் கூட்டத்தின் நோய். டிரை பைக்கின் கோணம் பின்தொடையைப் பாதுகாத்து ஓட்டத்துக்குப் புத்துணர்ச்சியோடு அனுப்பும் என்று விற்பனையாளர்கள் அடித்துச் சொல்வார்கள். அவ்வளவு உறுதியாக நான் சொல்லமாட்டேன். இடுப்பு மடங்காமல் ஓட்டியவர் இறங்கியதும் எளிதாக நிமிர்கிறார் என்பது என் அனுபவம். தவறாகப் பொருத்திய டிரை பைக்கிலிருந்து இறங்கி முதல் இரண்டு கிலோமீட்டர் கூன்போட்டு ஓடியதும் என் அனுபவம்தான். 42 வாட் லாபத்தை வேகமாக மாற்றாமல், பழைய வேகத்திலேயே போய் காலை மிச்சப்படுத்துவதும் ஒரு வழி. முதல் போட்டிக்கு அது நல்ல வழியும்கூட. 2024 கோனாவில் சாம் லெய்ட்லோ சைக்கிள் பகுதியை 3 மணி 57 நிமிடம் 22 நொடியில் முடித்துப் பாதைச் சாதனை படைத்தார், சராசரி மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல். பட்டம் வென்றது அவர் அல்ல, பாட்ரிக் லாங்கே. அவருடைய மொத்த நேரம் 7 மணி 35 நிமிடம் 53 நொடி.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கும் ரோடு பைக்கில் இருக்கும் ஹேண்டில்பாரிலேயே பொருத்தும் ஒரு ஜோடி கிளிப்-ஆன் ஏரோபாரை மாட்டுங்கள். புதிய சைக்கிள் விலையில் சின்னத் துண்டுதான் ஆகும், எடை அரை கிலோவை ஒட்டி. ஆனால் மாட்டிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். ரோடு பைக் சீட் பின்னால் இருப்பதால் முன்னங்கையை வைக்க எட்டி நீளவேண்டியிருக்கும், முதுகு இழுக்கும். சீட்டை இரண்டு சென்டிமீட்டராவது முன்னால் தள்ளுங்கள், அதற்கேற்ப சற்று உயர்த்துங்கள், ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாகப் போடுங்கள். அதிகத் தாழ்வு வேண்டாம். இழுவைப் பரப்பு 0.28 வரை வந்தாலே 231 வாட்டில் 37.5 கிலோமீட்டர், 90 கிலோமீட்டரில் 6 நிமிடம். டிரை பைக் தருவதாகச் சொன்னதில் பாதி கைக்கு வந்துவிட்டது. காற்றை வெட்டும் வடிவத் தலைக்கவசம், உடம்போடு ஒட்டிய உடை, நல்ல டயர் இவை மூன்றும் சேர்ந்து இன்னொரு பங்கைக் கொடுக்கும். இவற்றை எல்லாம் பிறகு டிரை பைக்குக்கும் கொண்டுபோகலாம், வீண் ஆகாது.

இப்படியே மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஏரோபாரில் தொடர்ந்து எத்தனை நிமிடம் இருக்க முடிகிறது என்று குறித்துவையுங்கள். முதல் வாரம் பதினைந்து நிமிடம் என்றால் பயப்படவேண்டாம். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒன்றேகால் மணி நேரம் குனிந்தே இருக்க முடிகிறது, போட்டிப் பாதையும் சமதளம் அல்லது மிதமான ஏற்ற இறக்கம், அடுத்த இரண்டு மூன்று ஆண்டும் இதே தூரத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் டிரை பைக் வாங்குங்கள். ஒன்பதரை கிலோவா, பத்து கிலோவா என்று பார்க்கவே வேண்டாம். பட்டைகளை எவ்வளவு உயர்த்த முடியும், அகலத்தை எவ்வளவு குறைக்க முடியும், சீட்டை எவ்வளவு முன்னால் கொண்டுபோக முடியும் என்று மட்டும் கேளுங்கள். ஹேண்டில்பார் அசைக்க முடியாதபடி ஃபிரேமோடு ஒட்டி வருகிற அழகான மாடல்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். உடம்புக்குச் சரிவரவில்லை என்றால் அது சுவரில் மாட்டி வைக்கத்தான்.

நாற்பது நிமிடத்தைத் தாண்ட முடியவில்லையா? அந்தக் காசில், சைக்கிளை உடம்புக்குப் பொருத்தித் தரும் ஒரு நல்ல பொருத்துநரிடம் போய் உட்கார்ந்து, மிச்சத்தை வங்கியில் போட்டுவிடுங்கள்.

எப்படியானாலும் அந்த 8 கிலோ ரோடு பைக்கை விற்கவேண்டாம். கூட்டத்தோடு ஓட்டவும், மலைப்பாதைப் போட்டிக்கும், மழைநாள் பயிற்சிக்கும் அதுதான் வரும். டிரை பைக் வந்த பிறகும் என் கிலோமீட்டரில் முக்கால்வாசி ரோடு பைக்கில்தான் ஓடுகிறது.